அகலச் சக்கரத்தின் ஜாதகம்

1

நான் பிரான்சுக்கு வந்து இந்த வாரத்தோடு இருபத்து மூன்று வருஷம். எங்கள் வீட்டில் இதற்குக் கேக் வெட்டுவதில்லை. கடையில் கெஞ்சி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிவந்து ஹாலில் நிறுத்துவோம். ஒரு மாதம் அது அங்கேயே நிற்கும். போகிறபோதும் வருகிறபோதும் வீட்டில் எது வேண்டாமோ அது அதற்குள் விழும். நிறைந்ததும் கயிறு போட்டு, கப்பல் பார்சல் எடுக்கும் நம்மூர்க்காரரிடம் கொடுத்துவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் என் தம்பி செல்வத்தின் வீட்டு வாசலில் போய் இறங்கும். ஊரில் அதற்கு 'பிரான்ஸ் பெட்டி' என்று பெயர்.

இந்த வருஷமும் பெட்டி வந்துவிட்டது. அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். இதுவரை உள்ளே விழுந்தவை: ரொட்டியை ஒரு பக்கம் மட்டும் சுடும் டோஸ்டர், ஜிப் போன குளிர்க் கோட்டு, பாதி தீர்ந்த இரண்டு சென்ட் பாட்டில், யாரோ எங்களுக்குப் பரிசாகக் கொடுத்து எங்களுக்கே பிடிக்காமல் போன சுவர்க் கடிகாரம். "இன்னும் என்ன வைக்கிறது?" என்று என் மனைவி கலா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காரணம், போன முறை போன பெட்டி. அதற்குள் நான்கு கார் சக்கரங்கள் இருந்தன. அந்த நான்கும் சேர்ந்து என் தம்பியின் வண்டியையும் பிழைப்பையும் விழுங்கிவிட்டன. இதைப் பற்றி ஊரில் மூன்று நான்கு விதமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்வி. எதற்கு வீண் சிரமம், நானே எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றிக் கேவலமாகப் பேசுவதில் என் அளவுக்கு அனுபவம் உள்ளவர் ஊரில் யாரும் கிடையாது.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக நான்கு வரி. நான் வரிச்சிக்குடியில் நெல் போட்டுச் சாப்பிட்ட குடும்பத்தின் மூத்த பையன். கலாவின் அப்பா 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் கலா பிறக்கும்போதே பிரெஞ்சுப் பிரஜை. காரைக்காலில் அப்படிப்பட்ட பெண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் நகை எத்தனை பவுன் என்று கேட்பதில்லை. காப்பி குடித்துவிட்டு, பாஸ்போர்ட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துக்கொள்வார்கள். என் வீட்டாரும் பார்த்தார்கள். பெண்ணை அப்புறம்தான் பார்த்தார்கள்.

இங்கே நான் ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் தட்டு கழுவுகிறேன். சரியாகச் சொன்னால், தட்டைக் கழுவுவது இயந்திரம், நான் அதற்கு எடுபிடி. ஊரில் 'முனிசிபாலிட்டி வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை, பள்ளிக்கூடம் முனிசிபாலிட்டியுடையதுதான். வந்த புதிதில் மேலாளர் வீட்டு விருந்தில், இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று அவர் மனைவி உபசரித்தபோது, வயிறு நிறைந்துவிட்டது என்பதை நான் தமிழிலிருந்து அப்படியே தூக்கிப் பிரெஞ்சில் போட்டேன். மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அது சினைப்பட்ட பசுவைப் பற்றிச் சொல்வதாம். அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: இவர்கள் சிரிக்குமுன் நாமே சிரிக்க வைத்துவிட்டால் வலிக்காது. அந்தப் பாடம் என்னை இருபது வருஷத்துக்கு மேல் காப்பாற்றியது. என் தம்பியைத்தான் காப்பாற்றவில்லை.

எங்களுக்கு ஒரே பையன், நிரஞ்சன். இருபத்தொரு வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்வான். ரொம்ப முக்கியமான விஷயமென்றால் மட்டும் சிரமப்பட்டுத் தமிழில் பேசுவான். ஆகவே அவன் வாயில் தமிழ் வந்தாலே ஏதோ சிக்கல் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

3

வேலைக்குப் போவதற்காக நிரஞ்சன் ஒரு பழைய கார் வாங்கினான். ஊரில் செல்வம் டூரிஸ்ட் டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்ததும் அதே கம்பெனி, அதே மாடல். இங்கே அது ஏழைகள் வாங்கும் வண்டி. அங்கே செல்வத்துக்கு அது 'பிரெஞ்சு வண்டி'.

வாங்கிய அடுத்த மாதமே பையன் இணையத்தில் விளம்பரம் பார்த்து நான்கு அலாய் சக்கரங்கள் வாங்கி மாட்டினான். கம்பெனி டயரின் அகலம் நூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர். இது இருநூற்று இருபத்தைந்து. நான்கு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். வண்டியில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும், கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு வருமே, அப்படி ஒரு களை. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒரே பொருளை ரசித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காரைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். நம் ஊரில் டாக்சிகளைத் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்குக் காட்டுவோமே, அதன் பெரியம்மா மகன். பையனோடு நானும் போனேன். பரிசோதித்த பெண் டார்ச்சை அடித்துக் குனிந்தாள், ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கச் சொன்னாள், சீல் குத்தி ஒரு காகிதம் கொடுத்தாள். டயர் அளவு இந்த வண்டிக்கு அனுமதித்த அளவுகளில் இல்லை. சக்கரம் பாடியைத் தாண்டி வெளியே வருகிறது. முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசுகிறது. பெரிய குறை. இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி கொண்டுவந்து காட்டவும்.

"அகலமாக இருந்தால் ரோட்டை நன்றாகப் பிடிக்குமே, அம்மா" என்றேன் என் பிரெஞ்சில்.

"பிடிக்கும் ஐயா. ஆள் ஏற்றினால் வண்டி இறங்கும், டயர் உள்ளே போய் உரசும். உரசி உரசி ஒருநாள் பக்கவாட்டில் கிழியும். அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர் உங்களை யாரென்றே தெரியாது என்பார்" என்றாள்.

எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. இந்த நாட்டில் இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்த வாக்கியங்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால்தான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். புரியவில்லை என்று நான் பின்னால் தப்பிக்க முடியாது.

4

இதற்கு ஊரில் ஒரு மருந்து உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நானும் செல்வமும் ஒரு பழைய டூரிஸ்ட் காரை மாற்றி மாற்றி ஓட்டினோம். காரைக்கால் ஸ்டாண்டில் எங்களைப் போல ஒரே ரக வண்டி வைத்திருந்தவர்கள் ஒரு டஜன் பேர். எல்லோருடைய டயரும் வழுக்கைத் தலை. ஆனால் பஞ்சர் கடை ஹமீது பாய் கடையில் நான்கு புத்தம்புது சக்கரங்கள் ஆணியில் தொங்கும். அதற்கு 'எஃப்.சி. செட்' என்று பெயர். யாருக்கு எஃப்.சி. வருகிறதோ அவர் காலையில் மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். சட்டத்தின் கண்ணில் நாங்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருநாள் யோக்கியர்கள். ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் என் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டுக்காரங்க எல்லாரும் டயர மட்டும் நல்லா வச்சிருக்கீங்கய்யா" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை ஹமீது பாயிடம் அப்படியே சேர்ப்பித்தேன்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது இந்த மருந்தைப் பையனுக்குச் சொன்னேன். "பழைய சக்கரத்த மாட்டிட்டுப் போய்க் காட்டு. சீல் வாங்கிட்டு வந்து மறுபடி இத மாட்டிக்கோ."

வண்டியை ஓரமாக நிறுத்தினான். தமிழில் ஆரம்பித்தான்.

"அப்பா, அப்ப எதுக்கு சட்டம் எழுதினாங்க?"

"எழுதணும்னு எழுதுனாங்கடா. அவங்களுக்கும் வேல வேணாமா?"

அவன் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. மொழி தெரியாத வெளியூர்க்காரனிடம் வழி கேட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தான். மறுநாளே பழைய சக்கரங்களை மாட்டி, காட்டி, சீல் வாங்கினான். அப்படியே விட்டுவிட்டான். ஊரில் என்னை 'பிரெஞ்சுக்காரன்' என்று கேலி செய்வார்கள். நிஜப் பிரெஞ்சுக்காரன் எப்படி இருப்பான் என்று அன்றைக்கு என் வீட்டிலேயே பார்த்தேன்.

5

கழற்றிய சக்கரங்களை என்ன செய்வது? அடுக்குமாடியின் நிலவறையில் வைத்தேன். ஒரே வாரத்தில் நிர்வாகத்திடமிருந்து கடிதம்: டயர் தீப்பிடிக்கும், எடுக்கவும். நகராட்சிக் கழிவு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். குடியிருப்புச் சான்று எங்கே என்றார்கள். அதற்காகத் திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், டயர் தனியாக, உலோகம் தனியாகப் பிரித்துக் கொண்டுவா என்றார்கள். சரி, விற்றுவிடலாம் என்றால், நிரஞ்சன் விளம்பரத்தில் 'இந்த மாடலுக்குச் சட்டப்படி பொருந்தாது' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். யார் வாங்குவார்கள்?

அந்தச் சமயத்தில் ஹாலில் பெட்டி நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அது மூளையின் உச்சமாகத் தோன்றியது. அதே மாடல் வண்டி, அதே நான்கு போல்ட். சக்கரங்களை அடுக்கி, நடு ஓட்டைகளில் சாக்லேட்டையும் துண்டுகளையும் செருகினேன். பார்சல் சீட்டில் 'வீட்டுச் சாமான்' என்று எழுதினேன். வீட்டில்தானே கிடந்தது.

நிரஞ்சன் பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடியும் தமிழ்.

"சித்தப்பாக்கு சொல்லணும்பா. இது தப்பு."

"சொல்றேன்டா."

"எப்ப?"

"ஃபோன் பண்றப்ப."

அவன் உள்ளே போய், சீல் குத்திய அந்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துவந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, போல்டுகள் இருந்த பைக்குள் வைத்தான். "பேப்பர் வச்சிட்டேன். அவர் படிப்பார்" என்றான். அவன் பிறந்த ஊரில், காகிதத்தை வைத்துவிட்டால் சொல்லிவிட்டதாக அர்த்தம். சித்தப்பா எந்த மொழியில் படிப்பார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

6

பெட்டி இறங்கிய அன்று செல்வம் ஹமீது பாய் கடையிலிருந்தே கூப்பிட்டான்.

"அண்ணே, சக்கரமாண்ணே இது? தேர்ச் சக்கரமாட்டம்ல இருக்கு."

"மாட்டிப் பாரு."

"மாட்டியாச்சு. ஸ்டாண்டு மொத்தமும் இங்கதான் நிக்கிது. இந்தா, பாய் பேசணுமாம்."

ஹமீது பாய்க்கு வயதாகியிருந்தது, குரலில் தெரிந்தது. "தம்பி, சொகமா இருக்கீங்களா? சக்கரம் ஜோரு. ஆனா ஒடிச்சா உள்ள லேசா உரசுது. காலி வண்டிக்கே உரசுது. அங்க எப்படி ஓட்டுனீங்க?"

"இங்க ரோடெல்லாம் நேரா இருக்கும் பாய்."

ஃபோனுக்கு அந்தப் பக்கம் கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இங்கே நான் சொல்கிற எதற்கும் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

பிறகு செல்வம் ஃபோனை வாங்கினான். "போல்ட்டு இருந்த பையில ஒரு பேப்பர் இருக்குண்ணே. சீலு, கையெழுத்தெல்லாம் போட்டு. என்னாது அது?"

சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை: கழட்டிடு, சட்டப்படி ஆகாது. ஆனால் அதைச் சொன்னால் அதற்கு முந்தினதையும் சொல்ல வேண்டும். இங்கே மூன்று இடத்தில் வேண்டாமென்று துரத்தியதைத்தான் உனக்குச் சீர்வரிசையாக அனுப்பினேன் என்று சொல்ல வேண்டும். கடையே கேட்டுக்கொண்டிருந்தது.

"அதுவா? சக்கரத்தோட ஜாதகம்டா. பத்திரமா வை."

"நல்ல ஜாதகமாண்ணே?"

"சனி எட்டிக்கூடப் பாக்காத ஜாதகம்."

மறுபடி சிரிப்பு. செல்வமும் சிரித்தான். ஆனால் அவன் பாதியை நம்பிவிட்டான். காரைக்காலில் சீல் குத்திய பிரெஞ்சுக் காகிதம் என்றால் பென்ஷன், பிறப்புச் சான்று, குடியுரிமை. அதைப் பீரோவில் வைப்பார்கள், சாமி படத்துக்குக் கீழே வைப்பார்கள். கெட்ட சேதி சொல்லும் பிரெஞ்சுக் காகிதத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. அவன் அதை லேமினேஷன் செய்து, வண்டியில் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொண்டான். யாராவது சக்கரத்தைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தால் எடுத்துக் காட்டுவானாம். "பிரான்ஸ் கவர்மெண்டே செக் பண்ணி அனுப்புனது."

சில மாதம் அவனுக்கு யோகம்தான். சனிக்கிழமைகளில் திருநள்ளாறு வரும் கூட்டம், ஸ்டாண்டில் பத்து வண்டி நின்றால் அவன் வண்டியைத்தான் கை காட்டியது. வாய்க்காலில் காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வராத வருஷம் அது. வயலில் ஒன்றும் இல்லை. வண்டிதான் சோறு போட்டது. நடுவில் எஃப்.சி. வந்தது. ஹமீது பாயின் ஆணியிலிருந்து நான்கு சக்கரங்களை இறக்கி மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலமே பிரான்ஸ் சக்கரத்துக்கு மாறிக்கொண்டான். எனக்கு ஃபோன் செய்து அதையும் சொன்னான். "நீ கத்துக் குடுத்த வித்ததாண்ணே." எனக்குப் பெருமையாக இருந்தது. என் சொந்தப் பையன் வேண்டாமென்ற வித்தையாயிற்றே.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, கோயில் முடித்து, நிறை வண்டியாக நெடுங்காட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனான். வாய்க்கால் ஓரத்து வளைவில் முன் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. வண்டி உருண்டு வயலில் விழுந்தது. தண்ணீர் இல்லாத வயல், அதனால் யாரும் சாகவில்லை என்றார்கள். ஒரு அம்மாளுக்குக் கை முறிந்தது. செல்வத்துக்கு வலது கால், முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனே பேசினான். "கால்தாண்ணே, ஒட்டிக்கும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. நீ கவலப்படாத."

பரிசோதனைக் கூடத்துப் பெண்ணின் வாக்கியம் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது.

7

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து டேப் வைத்து அளந்தார். நல்ல மனிதர் என்று இன்றைக்கும் செல்வம் சொல்கிறான். "ஆர்.சி.ல என்ன அளவோ அதாங்க. இதே மாடல்ல மேல் ரகத்துக்குக் கம்பெனி குடுக்குற அளவு வரைக்கும் ஒத்துக்குவாங்க. இது அதுக்கும் மேல போவுது. மட்கார்டத் தாண்டி வேற நிக்குது. எங்கயாச்சும் அப்ரூவல் வாங்கியிருந்தா குடுங்க, சேத்து அனுப்பிப் பாக்குறேன்" என்றிருக்கிறார்.

"இருக்குங்க" என்றிருக்கிறான் செல்வம். "பிரான்ஸ்ல வாங்குனது."

வயலில் கவிழ்ந்த வண்டிக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தார்கள். லேமினேஷன் செய்திருந்ததால் ஒரு கீறல் கூட இல்லை. வாசிக்க ஆள் வேண்டுமே. காரைக்காலில் யாருக்குப் பிரெஞ்சுக் கடிதம் வந்தாலும் சவரிமுத்து முசேயிடம்தான் எடுத்துப் போவார்கள். பழைய சொல்தா, எண்பதைத் தாண்டியவர்; 'முசே' என்பது பிரெஞ்சு 'ஐயா'. செல்வம் நடக்க முடியாதவன் என்பதால் அவரே வரிச்சிக்குடிக்கு வந்தார். சர்வேயரும் வந்தார். செல்வம் என்னை வீடியோவில் கூப்பிட்டான். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், கேண்டீன் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீயும் லைன்ல இருண்ணே. முசேக்கு எதாச்சும் புரியலன்னா நீ சொல்லு" என்று சொல்லி, ஃபோனை ஒரு சொம்பில் சாய்த்து நிறுத்தினான். கட்டுப் போட்ட கால் ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தது. முகம் நிம்மதியாக இருந்தது.

முசே கண்ணாடியை மாட்டி, முதலில் பிரெஞ்சிலேயே சத்தமாக வாசித்தார். அதை வாசிப்பதில் அவருக்கு ஒரு சுகம். நான்கைந்து வரி வரைக்கும் அவர் குரல் பாட்டுப் போலப் போனது. பிறகு தாழ்ந்தது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. காகிதத்தை மடியில் வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தார்.

"தம்பி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் முசே."

"நீயே சொல்லிடுறியா, நான் சொல்லவா?"

ஒரு மனிதனுக்கு இதைவிட மரியாதையாக வாசலைத் திறந்துவிட முடியாது. என் பின்னால் தட்டு கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "நீங்களே படிங்க முசே. உங்க பிரெஞ்சு என்னோடத விட நல்லா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செல்வம், இது அப்ரூவல் இல்லப்பா. இந்தச் சக்கரம் இந்த வண்டிக்கு ஆவாதுன்னு எழுதியிருக்கு. அகலம் கூடுதல். மட்கார்டத் தாண்டுது. ஒடிச்சா உரசுது. பெரிய குறை. கழட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்து காட்டுன்னு சொல்லியிருக்கான்."

"யாரு பேர்ல முசே இருக்கு?"

"ஒங்கண்ணன் மவன் பேரு."

சர்வேயர் எழுந்தார். "இந்தப் பேப்பர நான் பாக்கலன்னு வச்சுக்கங்க. ஆனா டயர் அளவ எழுதிட்டேங்க. அத அழிக்க முடியாது" என்றார். அவர் போகும் சத்தம் கேட்டது. செல்வம் கையை நீட்டி ஃபோனை எடுத்தான். அவன் முகம் திரை முழுவதும் வந்தது.

"ஜாதகம்னியேண்ணே."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

8

இன்சூரன்ஸ் வரவில்லை. மறுப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது, அதை வாசிக்க ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். வண்டி இன்றைக்கும் ஹமீது பாய் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. செல்வத்தின் கால் ஒட்டியது, ஆனால் பிரேக்கை அழுத்த வலு வரவில்லை. பக்கத்து ஊரில் ஒரு நெல் மண்டியில் மூட்டை எண்ணுகிறான். பணம் அனுப்பவா என்று கேட்டேன். "வாணாங்க" என்றான். நாற்பது வருஷம் என்னை 'நீ' என்று கூப்பிட்டவன்.

நிரஞ்சனிடம் மழையில் வண்டி வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தேன். தண்ணீரே இல்லாத வருஷத்தில் மழை. ஆனால் அவன் கலாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். என் எதிரில் வந்து உட்கார்ந்து, "நான் பேப்பர் வச்சேனே அப்பா" என்றான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். எங்கே தவறிற்று என்று அந்தக் காகிதத்தின் பயணத்தை அவன் மனதில் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்தக் காகிதத்தை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அதைப் பத்திரப்படுத்தியவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நடுவில் ஒருத்தன் இருந்தான், அவன் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். இதை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னிடம் தமிழில் எதுவும் சொல்ல வந்ததில்லை. தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், ஷூவைக் கூடக் கழற்றுவதில்லை.

இன்று காலையில் கலா மறுபடி கேட்டாள், பெட்டியில் என்ன வைப்பது என்று. செல்வத்தையே கேட்டுவிடலாமென்று கூப்பிட்டேன். மண்டியில் இருந்தான்.

"இந்த வருசம் பெட்டி போடுறோம்டா. என்ன அனுப்பட்டும்?"

அவனுக்குப் பின்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"திருநள்ளாத்துக்கு நான் எத்தன சனிக்கெழம சவாரி போயிருப்பேன்" என்றான். "கொளத்துல முங்கிட்டு, உடுத்தியிருந்த துணிய அங்கயே விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வருவாங்க. பாத்திருக்கீங்கள்ல? அத யாரும் தொடக் கூடாதும்பாங்க. தொட்டா அவங்க சனி நமக்கு. நம்ம வீட்டுல இத்தன வருசமா அதத்தாண்ணே உடுத்திக்கிட்டு இருந்திருக்கோம்."

பெட்டிக்குள் கிடந்த டோஸ்டரைப் பார்த்தேன்.

"கோவமெல்லாம் இல்ல. ஒங்களுக்குப் புடிச்சது, நீங்க வச்சுக்கணும்னு நெனக்கிறது எதாச்சும் இருந்தா அனுப்புங்க. இல்லன்னா விடுங்க, லாரி நிக்குது" என்று வைத்துவிட்டான்.

டோஸ்டரை வெளியே எடுத்தேன். கோட்டை, சென்ட் பாட்டில்களை, சுவர்க் கடிகாரத்தை எடுத்தேன். பெட்டி காலியானது. பிறகு எனக்குப் பிடித்தது எது என்று வீடு முழுக்கத் தேடினேன். சோபா தெருவில் கிடந்ததைத் தூக்கிவந்தது. டிவி தவணையில் வாங்கியது, அதைப் பார்த்தாலே தவணைதான் ஞாபகம் வரும். சமையலறை அலமாரியைத் திறந்தேன். கருக்களாச்சேரிக் கடற்கரையிலிருந்து முதல் தரமாகப் பார்த்துப் பொறுக்கிய நெத்திலிக் கருவாடு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உறை போட்டு. செல்வத்தின் மனைவி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். அறுவடையில் தங்களுக்கென்று எடுத்துவைத்ததிலிருந்து அளந்து அனுப்பிய அரிசி. நான் யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்துச் சாப்பிடுபவை. ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் அவர்கள் கையில் செல்வம் கொடுத்துவிட்டவை. கால் உடைந்த பிறகும் ஒருமுறை கொடுத்துவிட்டிருக்கிறான்.

அலமாரியைச் சாத்திவிட்டு வந்து பெட்டியின் மூடியை மடக்கினேன்.

கலா ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஒண்ணுமே வைக்கலையா?"

பதிலுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல பேச்சு, அவள் நிச்சயம் சிரித்திருப்பாள். நான் சொல்லவில்லை.